இன்டர்ன்ஷிப்ல ஸ்டாக் ஆப் பண்றீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

காலேஜ் கடைசி வருஷம் கோயம்புத்தூர்ல ஒரு பம்பு கம்பெனியில இன்டர்ன்ஷிப், ஸ்டோர்ஸுக்கு, அதாவது பொருள் வெச்சு எடுக்கற கிடங்குக்கு, சரக்கு இருப்பு பாக்கற ஒரு ஸ்டாக் வெப் ஆப் பண்ணிக் குடுக்கணும்னாங்க. இப்பவும் இதே வேலைக்குப் போற பசங்க அதே இடங்கள்லதான் மாட்டிக்கிறாங்க, அதான் எழுதறேன்.

பெரிய தப்பு, ஸ்டோர்ஸ் பக்கமே போகாம டேட்டாபேஸ் டேபிள் டிசைன் பண்றது. நான் ரெண்டு வாரம் அப்படித்தான் உக்காந்திருந்தேன். அப்புறம் ஒரு நாள் ஸ்டோர் கீப்பர் அண்ணாகூட நின்னப்பதான் பார்த்தேன், ஒவ்வொரு ரேக்குலயும் ஒரு பின் கார்டு தொங்குது, தேதி, வந்தது, போனது, மீதி, கையெழுத்துன்னு வரி வரியா. அவர் எதையும் அழிக்கவே மாட்டாரு, தப்பா எழுதிட்டா அடுத்த வரியில சரி பண்ணி கையெழுத்து போடுவாரு. நாம என்ன பண்றோம், ஐட்டம் டேபிள்ல குவான்டிட்டின்னு ஒரே ஒரு காலம் (column) வெச்சு, இஷ்யூ பண்ணா, அதாவது பொருளை வெளிய குடுத்தா, அதுல கழிச்சுடறோம். ஒரு மாசம் கழிச்சு 40 பேரிங் குறையுதுன்னா யார் எடுத்தா, எப்ப எடுத்தான்னு காட்ட ஒண்ணுமே இருக்காது. உள்ள வந்தது, வெளிய போனது எல்லாத்துக்கும் தனித்தனி வரி வேணும், திருத்தம்னாலும் எதிர் என்ட்ரிதான், டெலிட் பட்டனே வேண்டாம்.

அடுத்து, ரெண்டு பேர் ஒரே நேரத்துல இஷ்யூ போடறது. இருப்பு 10, ஒருத்தர் 6 கேக்கறாரு, இன்னொருத்தர் 7, ரெண்டு பேருக்கும் ஸ்கிரீன்ல 10னு தெரியுது, ரெண்டும் பாஸ் ஆயிடும், ஸ்டாக் மைனஸ்ல போய் நிக்கும். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்னா டிரான்ஸாக்‌ஷன் உள்ள செலக்ட் ஃபார் அப்டேட் போட்டு அந்த வரியை லாக் பண்ணிட்டு அப்புறம் இருப்பு பாருங்க.

யூனிட்டையும் விட்டுடாதீங்க. போல்ட்டு கிலோவுல வாங்குவாங்க, எண்ணிக் குடுப்பாங்க, கேபிள் காயிலா வரும், மீட்டரா போகும்.

பார்கோடு ஸ்கேனர் கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு மாதிரிதான், பெரும்பாலும் கோடு அடிச்சதும் கடைசியில என்டரும் தட்டிடும், அதனால குவான்டிட்டி போடறதுக்கு முன்னாடியே ஃபார்ம் சப்மிட் ஆயிடும். எங்க ஸ்டோர்ஸ்ல முதல் நாளே இப்படி வெறும் என்ட்ரியா விழுந்துச்சு, என்டர் வந்தா அடுத்த பாக்ஸுக்குப் போற மாதிரி மாத்தினப்புறம்தான் சரியாச்சு. பழைய எக்செல்லை ஏத்தும்போது பார்ட் நம்பர் காலத்தை டெக்ஸ்ட்டாவே வெச்சுக்கங்க, இல்லைன்னா 00451 வெறும் 451 ஆயிடும், 15 இலக்கத்துக்கு மேல இருந்தா கடைசி இலக்கமெல்லாம் 0 ஆயிடும்.

டெப்ளாய்மென்ட்டுல, அதாவது ஆப்பை எல்லாரும் யூஸ் பண்ண ஏத்தும்போது, சொந்த லேப்டாப்ல ரன்சர்வர் (ஜாங்கோவோட டெஸ்டிங் சர்வர்) ஓட்டிட்டு "லைவ் ஆயிடுச்சு"ன்னு சொல்லாதீங்க, நீங்க சாயங்காலம் லேப்டாப்பை மூடிட்டுக் கிளம்பினா நைட் ஷிஃப்ட் ஆளுங்க நோட்டுக்குத் திரும்பிடுவாங்க, அப்புறம் அவங்களை ஆப்புக்கு இழுக்கறது ரொம்பக் கஷ்டம். தனி மெஷின், மாறாத ஐபி, ஜாங்கோங்கற பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கா இருந்தா செட்டிங்ஸ்ல DEBUG = False வெச்சுடுங்க. டைம்ஸோனும் பாருங்க, நைட் 2 மணிக்குப் போட்ட என்ட்ரி யுடிசியில (உலகப் பொது நேரம்) முந்தின நாள் ராத்திரி 8:30 மணி, அன்னைக்கு ரிப்போர்ட்ல அது வராது. பேக்கப் எடுத்தா மட்டும் போதாது, வேற மெஷின்ல ஒரு தடவை ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க.

கடைசி வாரம் புது ஃபீச்சர் எதுவும் தொடாதீங்க. சர்வர் எங்க இருக்கு, ரீஸ்டார்ட் எப்படி, பேக்கப் எங்க போகுதுன்னு ஒரே பக்கத்துல தமிழ்ல எழுதி ஒட்டிட்டு, நீங்க பக்கத்துல நிக்கும்போதே ஸ்டோர் கீப்பரையே ஒரு தடவை சர்வரை ஆஃப் பண்ணி ஆன் பண்ண வைங்க.