லாக் புக் இருந்தால் போதும்: ஆதிப் பிரபஞ்சத்தின் நிறை–ஆற்றல் கணக்கு

நிறையை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல். பிளஸ் டூ பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆதிப் பிரபஞ்சத்தில் அது எந்த நொடியில் வேலை செய்தது என்று கேட்டால்தான் முழிப்பார்கள். கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளி அறிவியல் மன்றங்களில் ஒரே மாலையில் போட்டு முடிக்கக்கூடிய கணக்கு இது. தேவை: லாக் புக் (மடக்கை அட்டவணை), லாக்-லாக் கிராஃப் தாள், ஒரு கைப்பிடி காய்ந்த நெல்.

முதலில் நெல். ஒற்றை மணியை நிறுத்தால் எடை சரியாக நிற்காது. நூறு மணி எண்ணி நகைப் பட்டறைத் தராசில் வையுங்கள். இரண்டு கிராம் அக்கம்பக்கம் வரும். சன்ன ரகமென்றால் குறையும். அறுத்த கையோடு வந்த குறுவை நெல்லென்றால் ஈரத்தால் கூடும். ஆக, மணிக்கு 20 மில்லிகிராம். அதன் மொத்த நிறையும் ஆற்றலானால் 1.8 லட்சம் கோடி ஜூல், அதாவது 5 லட்சம் யூனிட் மின்சாரம். ஆனால் நெல் சும்மா கிடந்து ஆற்றலாகாது. எதிர்ப்பொருளால் (மின்னூட்டம் எதிர்மாறான துகள்களால்) ஆன இன்னொரு மணி வந்து மோத வேண்டும். அப்போது 10 லட்சம் யூனிட். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லுங்கள்: துகள் ஒளியாகக் கரைந்தாலும், ஒளியிலிருந்து துகள் பிறந்தாலும், ஜோடியாகத்தான் நடக்கும்.

அடுத்து வெப்பநிலை. துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகான 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்பது 1,160 கோடி கெல்வினுக்குச் சமம். எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றல், அதாவது அதன் நிறைக்கு ஈடான ஆற்றல், இந்த அலகில் 0.511, பெருக்கினால் 593 கோடி கெல்வின். எலக்ட்ரானின் கனத்த உறவான மியூவானுக்கு 105.7, 1.23 லட்சம் கோடி கெல்வின். பிரபஞ்சம் இதைவிடச் சூடாக இருந்தவரை அந்தத் துகளின் ஜோடிகள் பிறந்துகொண்டும் அழிந்துகொண்டும் இருந்தன. ஆறியபின் அழிவு மட்டுமே மிச்சம். 593 கோடியில் சுவிட்ச் போட்டதுபோல் நின்றுவிடவில்லை. ஒளித்துகள்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆற்றல் கிடையாது, சராசரியே வெப்பநிலைக்குச் சமமான ஆற்றலைப்போல் 2.7 மடங்கு. அதனால் எலக்ட்ரான் ஜோடிகள் 100 கோடி கெல்வின் வரைகூடக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தன.

புரோட்டானுக்கும் (938.3) இதையே போட்டு 10.9 லட்சம் கோடி என்று எழுதுவார்கள். அடித்துவிடுங்கள். சுமார் 1.8 லட்சம் கோடி கெல்வினுக்கு மேலே புரோட்டானே கிடையாது, அதன் உட்துகள்களான குவார்க்குகள்தான்.

இனி பெருவெடிப்பிலிருந்து கடந்த நேரம். 1,000 கோடியை வெப்பநிலையால் வகுத்து வர்க்கம் எடுங்கள், விடை வினாடியில். எலக்ட்ரானுக்கு 2.8 வினாடி, மியூவானுக்கு ஒரு வினாடியில் லட்சத்தில் ஏழு பங்கு. கிராஃப் தாளில் நேரத்தைக் கிடையாகவும் வெப்பநிலையைச் செங்குத்தாகவும் குறித்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும், சாய்வு மைனஸ் அரை. சாய்வு வேறாக வந்தால் வர்க்கம் எடுக்க மறந்திருப்பார்கள்.

எலக்ட்ரான் ஜோடிகள் அழிந்தபின் விடையை 1.78-ஆல் பெருக்க வேண்டும். 100 கோடி கெல்வினுக்கு வெறும் சூத்திரம் 100 வினாடி காட்டும். உண்மையில் 3 நிமிடத்தை ஒட்டி. அதே வெப்பநிலையில் ஆற்றலைச் சுமக்கும் துகள் வகைகள் குறைந்துவிட்டதால் விரிவின் வேகம் தணிகிறது, அதனால்தான் கூடுதல் நேரம். அழிந்த ஜோடிகளின் சூடு ஒளிக்கே போனது. மற்றவற்றோடு அரிதாகவே மோதும் துகளான நியூட்ரினோ அதற்கு முன்பே விலகிவிட்டதால் அதற்குக் கிடைக்கவில்லை. கணக்குப்படி இன்று வானெங்கும் எஞ்சியிருக்கும் ஒளிப் பின்னணி 2.725 கெல்வின், நியூட்ரினோப் பின்னணி 1.95. நூறு கோடி ஜோடிக்கு ஒன்று என்ற கணக்கில் மிஞ்சிய துகள்களே இன்றைய பொருள், அந்த நெல்மணி உட்பட.

கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர், அணுக்கள் உருவாகி ஒளி விடுபட்ட 3,000 கெல்வினையும் போட்டுப் பார்ப்பார். 3.5 லட்சம் ஆண்டு வரும், புத்தகத்தில் 3.8 லட்சம் இருக்கும். சரியாக வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். 1.78-ஐச் சேர்த்தால் 6.3 லட்சம் ஆகிறது. சுமார் 50,000 ஆண்டுக்குப் பிறகு கதிர்வீச்சை விடப் பொருளின் கை ஓங்கிவிட்டது, விரிவும் அதற்கேற்ப வேகமானது. அதை இந்தச் சூத்திரம் அறியாது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் வந்த விடை அது. கோட்டை 50,000 ஆண்டோடு நிறுத்திவிடச் சொல்லுங்கள்.