ஆர்டுயினோவில் எஃப்எஃப்டி: 50 ஹெர்ட்ஸ் ஏன் 55 ஆகிறது?

ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் ஏ0 பின்னில் ஒரு வயரைச் செருகி, மறுமுனையை விரலால் தொடுங்கள். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உங்கள் உடல் வழியாகவே வந்துவிடும். (பிளக் பாயின்ட்டை நேராக போர்டில் இணைக்கும் வீரம் வேண்டாம்.) சிக்னலில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக்காட்டும் கணக்கான எஃப்எஃப்டியைப் பழக இதைவிட மலிவான சிக்னல் கிடையாது. விடை முன்பே தெரியும் என்பதால் தவறும் உடனே பிடிபடும்.

எனக்கு முதலில் வந்தது 55. லைப்ரரியைத் திட்டினேன், குற்றம் என் லூப்பில் இருந்தது. 1 மில்லிவிநாடி டிலே போட்டு, விநாடிக்கு 1000 சாம்பிள் (அளவீடு) என்று கணக்குச் சொல்லியிருந்தேன். ஆனால் பின்னின் மின்னழுத்தத்தை அளக்கும் அனலாக்ரீட் ஒவ்வொரு முறையும் தனக்கென்று 0.11 மில்லிவிநாடி எடுத்துக்கொள்ளும். உண்மையில் கிடைத்தது 900க்கும் குறைவு; அதை 1000 என்று கணக்கிட்டதால்தான் 50, 55 பக்கம் தெரிந்தது. அதே லூப்பில் 9600 பாட் வேகத்தில் சீரியல் பிரிண்டும் சேர்ந்தால் கதை கந்தல்: ஓர் எழுத்துக்கே சுமார் 1 மில்லிவிநாடி போய்விடும். டைமர் இன்டரப்ட் (குறித்த இடைவெளியில் தானாக ஓடும் குறியீடு) வைத்து, முதலில் அர்ரேயில் சேர்த்துவிட்டு, அப்புறம் அச்சிடுங்கள்.

நேரத்தைச் சரிசெய்த பிறகு 46.9 வந்தது. இது தவறே இல்லை. 1000 சாம்பிள் வேகத்தில் 128 புள்ளி எஃப்எஃப்டி போட்டால் 7.8 ஹெர்ட்ஸுக்கு ஒரு படிதான். 50 இரண்டு படிகளுக்கு நடுவே விழுந்து பக்கத்துப் படிகளிலும் கசியும். ஹான் விண்டோ (சாம்பிள் வரிசையின் இரு ஓரங்களையும் மெல்லத் தணிக்கும் பெருக்கல்) அந்தக் கசிவைக் குறைக்கும், படியைச் சிறிதாக்காது. 256 புள்ளிக்குப் போகலாமே என்றால், எண்ணுக்கு 4 பைட் பிடிக்கும் ஃப்ளோட்டில், மெய், கற்பனைப் பகுதிகளுக்கென இரண்டு அர்ரேக்கள் 2048 பைட்; ஊனோவின் மொத்த ரேமே அவ்வளவுதான்.

சரி, வேகத்தை 400 ஆக்கினால்? படி 3.125, 50 கச்சிதமாக 16ஆவது படியில் உட்காரும். அழகுதான், ஆனால் 200 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதெல்லாம் வேஷம் போட்டுக் கீழே வரும். 50இன் ஏழாம் மடங்கான 350, நேராக 50இன் மேலேயே வந்து உட்காரும். ஏடிசியை (அனலாக் சிக்னலை எண்ணாக்கும் பகுதி) தாண்டிய பிறகு எந்த டிஜிட்டல் ஃபில்டராலும் அதைப் பிரிக்க முடியாது. சென்சார் இணைக்கும்போது ஏடிசிக்கு முன்பே 10 கிலோஓம் ரெசிஸ்டர், 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் கொண்ட ஆர்சி ஃபில்டர் வையுங்கள். வெட்டு அதிர்வெண் 159 ஹெர்ட்ஸ். ஒற்றை ஆர்சி மென்மையானது, 350ஐச் சுமார் 40 சதவீதமாக்கும், ஒழிக்காது.

முதல் படியில் பெரிய கம்பம் நின்றால் பயப்படாதீர்கள், அது டிசி, அதாவது சிக்னலின் மாறாத சராசரி அளவு. சராசரியைக் கழித்துவிட்டு எஃப்எஃப்டி போடுங்கள்.

ஃபில்டரிலும் அதே நேரத் தகராறுதான். 1000 சாம்பிள் வேகத்தில் 20 சாம்பிளின் நகரும் சராசரி, சரியாக 20 மில்லிவிநாடி. 50 ஹெர்ட்ஸ் சுத்தமாக மறையும். வேகம் 890 என்றால் மறைவது 44.5, இரைச்சல் தப்பிவிடும். ஆக ஃபில்டரை நோண்டுமுன், 1000 சாம்பிளுக்கு எத்தனை மைக்ரோவிநாடி ஆகிறது என்று அச்சிட்டுப் பாருங்கள். 10,00,000 வர வேண்டும்.