மாரிக்காலத்தில் கடதாசி றோல்கள் கெடாமல் இருக்க

திருகோணமலையில் ஐப்பசி, கார்த்திகை மாரி தொடங்கினால் வீட்டுக்குள் இருக்கும் கடதாசிகூட நமத்துப் போகும். பரிசு சுற்றும் கடதாசி றோல்களை வெளிச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், சுவர் ஈரம் ஏறிவிடும். உயரமான வாளியில் நட்டமாக நிறுத்தி அலுமாரிக்குள் வைத்தால் சரி.

இறப்பர் வளையம் போடவே வேண்டாம். வெக்கையில் இளகி ஒட்டிக்கொள்ளும், கடதாசியில் தழும்பும் விழும். முடிந்துபோன டொய்லட் றோலின் மட்டைக் குழாயை நீளவாக்கில் வெட்டி, காப்புப் போல மாட்டிவிடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். காசும் இல்லை, கடதாசி கசங்குவதும் இல்லை.

கிறேப் கடதாசியை மட்டும் தனியாக வையுங்கள். ஈரம் பட்டால் சாயம் இறங்கி, பக்கத்து றோலையும் பழுதாக்கிவிடும். பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே போடுங்கள். சின்னப் பிள்ளைகள் கையில் மட்டும் அந்தப் பொட்டலம் அகப்படக் கூடாது.