பீத்திக்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லணும்? 'பிராக்' வார்த்தைய ஸ்டெப் ஸ்டெப்பா படிப்போம்

பாளையங்கோட்டையில சாயங்காலம் பத்துப் பதினஞ்சு பிள்ளைகளுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கேன். போன வாரம் ஒரு பையன் எந்திச்சு நின்னு "ஐ பிராக் அபவ்ட் மை மதர், சார்"ன்னான். அம்மாவ நெனச்சாப் பெருமையா இருக்குன்னு சொல்ல வந்திருக்கான் பாவம், ஆனா வாயில இருந்து வந்தது என்னன்னா "எங்க அம்மாவப் பத்தி ஊரு பூரா பீத்திக்கிட்டுத் திரியுதேன்". நான் சிரிக்கல, ஏன்னா இதே தப்ப நானும் ஒரு இண்டர்வியூல பண்ணி முழிச்சிருக்கேன், அது கீழ வருது.

ஸ்டெப் 1: வாயில சரியா வரணும்

பி, ஆர், ஏ, ஜி. நாலே எழுத்து. தோள்ல மாட்டுற பேக் இருக்குல்லா, அதுல வர்ற அதே சத்தம்தான் இதுலயும் நடுவுல. 'ஏ'ன்னு நீட்டிச் சொல்லிட்டீங்கன்னா அது வண்டியில மிதிக்கிற பிரேக் ஆயிரும். கடைசி எழுத்துலதான் நமக்குச் சிக்கல், தமிழ்ல ஒரே 'க'தான, அதனால பின்னாடிங்கிற பேக்கும் பையிங்கிற பேக்கும் நாம எழுதுனா ஒண்ணு போலத்தான் இருக்கும். தங்கம்னு சொல்லும்போது ஒரு 'க' வருதுல்லா, தொண்டையில இருந்து கனமா, அந்த 'க'வ கடைசியில வச்சு முடிங்க. பத்து தடவ சொல்லிப் பாத்துட்டு அடுத்ததுக்கு வாங்க.

ஸ்டெப் 2: அர்த்தம்

தன்கிட்ட இருக்கத, தான் சாதிச்சத, இல்ல தன் பிள்ளை சாதிச்சத, கேக்கவனுக்கு எரிச்சல் வர்ற அளவுக்குச் சொல்லிக்காட்டுறதுதான் பிராக். பீத்துறது, தம்பட்டம் அடிக்கது, ஜம்பம், சவடால்னு நம்மகிட்ட இதுக்கு வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாது.

ஆனா ஒண்ண கவனிங்க. 'அளக்கான்', 'பீலா விடுதான்'னு நாம சொன்னா அதுல பொய்யும் சேந்திருக்கு. பிராக் பண்ண பொய் சொல்லணும்னு இல்ல, நூத்துக்கு நூறு உண்மையா இருந்தாலும் அது பிராக்தான். ஒருத்தர் மகன் நெசமாவே மெடிக்கல் சீட் வாங்கிருக்கான்னு வைங்க, அத அவரு டவுன்ல பஸ் ஏறுனதுல இருந்து ஜங்ஷன் தாண்டி வண்ணார்பேட்டை தாண்டி பாளை பஸ் ஸ்டாண்டுல எறங்குற வரைக்கும் பக்கத்து சீட்டுக்காரர்ட்ட சொல்லிக்கிட்டே வந்தா, விஷயம் பொய்யில்ல, ஆனா அவரு பண்ணது சுத்தமான பிராக்.

ஸ்டெப் 3: வாக்கியத்துல எப்படி உக்கார வைக்க

நம்ம ஆட்கள் அதிகமா வழுக்குறது இங்கதான். நாம "அவன் புது பைக்கப் பீத்துதான்"னு நேராச் சொல்லிருவோம். அந்தப் பழக்கத்துல இங்கிலீஷ்லயும் "ஹி இஸ் பிராகிங் ஹிஸ் பைக்"ன்னு வருது, தப்பு. நடுவுல 'அபவ்ட்' கண்டிப்பா வேணும்: "ஹி இஸ் பிராகிங் அபவ்ட் ஹிஸ் பைக்."

யார்கிட்ட பீத்துனான்னு சொல்லணும்னா 'டு' போடுங்க: "ஹி பிராக்ட் டு ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ்." என்ன சொல்லிப் பீத்துனான்னு முழுசாச் சொல்லணும்னா 'தட்': "ஷி பிராக்ட் தட் ஹெர் சன் காட் எ மெடிக்கல் சீட்." இந்த மூணு போதும், அபவ்ட், டு, தட். அமெரிக்காவுல சில பக்கம் அடுத்தவங்களப் புகழுறதுக்கு 'பிராக் ஆன்'னு ஒண்ணு சொல்லுவாவ, காதுல விழுந்தா புரிஞ்சுக்கிடுங்க, நீங்க பேச வேண்டாம்.

ஸ்டெப் 4: ஸ்பெல்லிங்

இறந்த காலத்துக்கும் 'இங்' வடிவத்துக்கும் ஜி ரெண்டு தடவ வரும். 'பிராக்ஸ்'ல மட்டும் ஒண்ணு. அவ்வளவுதான்.

ஸ்டெப் 5: பங்காளி வார்த்தைகளோட குழப்பிக்காம இருக்கது

இதுக்குத்தான் இந்தப் பதிவே எழுதுதேன். காலேஜ் முடிச்ச புதுசுல மெட்ராஸ்ல ஒரு கம்பெனி இண்டர்வியூக்குப் போயிருந்தேன், ஊரப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்கன்னாவ, நானும் டிக்ஷனரியில முந்தின நாள் ராத்திரி படிச்ச தைரியத்துல "ஐ பிராக் அபவ்ட் மை நேட்டிவ் பிளேஸ்"னு ஆரம்பிச்சேன், எதிர்ல இருந்த மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்சாவ. எதுக்குச் சிரிச்சாவன்னு ஊருக்கு வர்ற ரயில்லதான் ஒறச்சுது. தமிழ்லயே யோசிச்சுப் பாருங்க, "நான் எங்க ஊரப் பத்திப் பீத்துதேன்"னு எவனாவது தன்னைப் பத்திச் சொல்லுவானா? பீத்துதான்னு அடுத்தவனத்தான் சொல்லுவோம். பிராக்கும் அப்படித்தான், அது அடுத்தவன் மேல எறியுற வார்த்தை. நம்மளப் பத்திப் பேசும்போது 'ஐ ஆம் பிரவுட் ஆஃப்' போதும்.

அடுத்தது 'போஸ்ட்', பி, ஓ, ஏ, எஸ், டி. தபால் போடுற போஸ்ட் இல்ல, அது வேற எழுத்து. இதுக்கும் பெருமையடிக்கதுதான் அர்த்தம், ஆனா பிராக்கவிட ஒரு படி மரியாதையானது. இதுக்கு இன்னொரு வேலையும் இருக்கு, ஒரு ஊருக்கோ கட்டடத்துக்கோ பெருமை சேக்கிற ஒண்ணு அங்க இருக்குன்னு சொல்ல இதப் போடலாம், அதுல திட்டுற தொனியே கிடையாது. தாமிரபரணி மேல சுலோச்சன முதலியார் தன் சொந்தக் காசுல கட்டிக் குடுத்து 1843ல திறந்த பாலம் இருக்குல்லா, அத வச்சு "திருநெல்வேலி போஸ்ட்ஸ் எ பிரிட்ஜ் ஓப்பன்ட் இன் 1843"ன்னு சொல்லலாம். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணுக்கும் இதே மாதிரி போடலாம். ஆனா "திருநெல்வேலி பிராக்ஸ்"ன்னு போட முடியாது, ஊரா வாயத் திறந்து பீத்தும்?

'ஷோ ஆஃப்' வாயில பேசுறது மட்டும் இல்ல, செஞ்சு காட்டுறதும் சேத்தி. கல்யாண வீட்டுல கைச்செயின் தெரியணும்னே சட்டைக் கைய மடிச்சு விட்டுட்டு நிக்கவர் ஒரு வார்த்தையும் பேசல, ஆனா அது ஷோ ஆஃப்தான்.

சரி, இண்டர்வியூல நம்ம திறமைய நாம சொல்லாம யாரு சொல்லுவா, அதுவும் பிராக் ஆயிராதான்னு பிள்ளைகள் கேக்கும். இதுக்கு இங்கிலீஷ்காரன்கிட்ட போக வேண்டாம், நன்னூல்லயே பவணந்தி முனிவர் சொல்லிட்டாரு. தன்னைத் தானே புகழுறது தகாது, ஆனா நாலு எடத்துல மட்டும் தப்பில்ல: ராஜா சபைக்கு ஓலை எழுதும்போது, நம்ம தெறம தெரியாதவங்க மத்தியில, சபையில வாதம் பண்ணி ஜெயிக்கும்போது, எதிராளி நம்மளப் பழிச்சுப் பேசும்போது. முதலாவது பயோடேட்டா, ரெண்டாவது இண்டர்வியூன்னு நான் வகுப்புல சொல்லுவேன்.

ஸ்டெப் 6: கூட்டு வார்த்தைகள்

'பிராகிங் ரைட்ஸ்' எனக்குப் பிடிச்சது. ரெண்டு தெருப் பசங்க கிரிக்கெட் ஆடுதானுவ, கப்பும் கிடையாது காசும் கிடையாது, ஆனா ஜெயிச்சவன் அடுத்த மேட்ச் வரைக்கும் டீக்கடையில உக்காந்து பேசலாம்லா, அந்த உரிமைக்குப் பேருதான் இது.

பீத்துற ஆளு 'பிராகர்ட்'. வெறும் சவடாலுக்கு 'பிராகடோசியோ'ன்னு ஒரு பெரிய வார்த்தை இருக்கு, 1590ல வெளிவந்த ஸ்பென்சரோட 'தி ஃபேரி குயின்' காவியத்துல குதிரையத் திருடிட்டு வீரன் மாதிரித் திரியுற ஒரு ஆளோட பேருல இருந்து வந்தது. 'பிராக்'னு இங்கிலாந்துல ஒரு சீட்டாட்டம் கூட உண்டு, நம்ம மூணு சீட்டுக்கு அதுதான் தாத்தான்னு சொல்லுவாவ, கையில ஒண்ணுமே இல்லாம எல்லாம் இருக்க மாதிரி உக்காந்திருக்கணும், பேரு பொருத்தம்தான்.

அப்புறம் 'ஹம்பிள்பிராக்'. ஹாரிஸ் விட்டல்ஸ்ங்கிற அமெரிக்க காமெடி எழுத்தாளர் 2010ல ட்விட்டர்ல இதுக்குன்னே ஒரு கணக்கு நடத்திப் பிரபலமாக்குன வார்த்தை. சலிச்சுக்கிற மாதிரியே பீத்துறது. வார்த்தை புதுசு, வித்தை நம்ம வீட்டுலயே இருக்கு. எங்க ஆச்சி சம்பா கோதுமைய ஊறப்போட்டு ஆட்டிப் பாலெடுத்து, அரை நாள் அடுப்படியில நின்னு அல்வா கிண்டிட்டு, வந்தவங்களுக்கு வாழையெலைத் துண்டுல வச்சுக் குடுக்கும்போது "என்னத்த கிண்டுனேன், பதம் தப்பிட்டு, வாயில வைக்க வெளங்காது"ம்பா. சொல்லிட்டு நம்ம மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பா, "ஐயோ ஆச்சி, கடையிலகூட இப்படிக் கெடைக்காது"ன்னு நாம சொல்லுற வரைக்கும் நகர மாட்டா.

ஸ்டெப் 7: நீங்களே எழுதிப் பாருங்க

ஒண்ணு: "அவன் மார்க்கப் பத்தி என்கிட்ட பீத்துனான்."
ரெண்டு: "எங்க ஊர்ல ஒரு பழைய கோயில் இருக்கு" (பெருமையாச் சொல்லணும்).
மூணு: "எங்க ஆச்சி அல்வாவப் பத்திப் பீத்துனதே இல்ல."

விடை: "ஹி பிராக்ட் டு மீ அபவ்ட் ஹிஸ் மார்க்ஸ்." "அவர் டவுன் போஸ்ட்ஸ் அன் ஓல்ட் டெம்பிள்." மூணாவதுக்கு "மை கிராண்ட்மதர் நெவர் பிராக்ட் அபவ்ட் ஹெர் அல்வா"ன்னு எழுதியிருந்தீங்கன்னா கிராமர் சரிதான், ஆனா எங்க ஆச்சி விஷயத்துல அந்த 'நெவர்' நிக்குமான்னு ஆறாவது ஸ்டெப்ப இன்னொரு தடவ படிச்சுட்டுச் சொல்லுங்க.