எரிமலை ஏரிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈக்வடாரில் எரிமலையின் வாய்ப்பள்ளத்துக்குள் இருக்கும் கிலோட்டோவா ஏரிக்கு இரண்டாவது முறை போனபோது நான் கீழே இறங்கவில்லை. விளிம்பில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, இறங்குகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு பேர், ஆளுக்கு ஓர் அரை லிட்டர் பாட்டில், பேசிச் சிரித்தபடி மணலில் குதித்துக் குதித்துப் போனார்கள். ஆறு வருஷத்துக்கு முன் நான் இறங்கியதும் அச்சு அசல் இப்படித்தான். கூப்பிட்டுச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. முன்பின் தெரியாதவன் சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் எழுதுகிறேன்.

தொப்பி, நல்ல ஷூ, மழைச்சட்டை, குப்பை போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சாவகாசமாகக் கிளம்புவது

வெயில் ஏற ஏற மலைச்சரிவின் ஈரக்காற்று மேலே கிளம்பி, குளிர்ந்து மேகமாகும். உச்சியில் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம் இருந்தால் அந்த மேகம் அதில் இறங்கி உட்கார்ந்துவிடும். காலை ஏழு மணிக்குப் பளிச்சென்று தெரிந்த ஏரி, பதினொரு மணிக்கு வெறும் வெள்ளைச் சுவர். இந்தோனேசியாவின் கெலிமுத்துவில் வெவ்வேறு நிறத்தில் மூன்று ஏரிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே விடிவதற்கு முன்பே ஆட்கள் விளிம்புக்கு ஏறுவது சூரியோதயத்தைப் பார்க்க மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இறங்கியதும் பாதி முடிந்தது என்று நினைப்பது

என் எரிச்சலெல்லாம் இதன் மேல்தான். என் மேலும்தான்.

சாதாரண மலையில் ஏற்றம் முதலில் வரும். முடியாவிட்டால் உடம்பே சொல்லிவிடும். திரும்பினால் இறக்கம், எப்படியோ வந்து சேர்ந்துவிடலாம். எரிமலை ஏரியில் பல இடங்களில் இது தலைகீழ். வண்டி விளிம்புவரை போய்விடுகிறது. கதவைத் திறந்து இறங்கி, நேராகக் கீழே நடக்க வேண்டியதுதான். மூச்சு வாங்காது, கால் வலிக்காது. போதும் என்று உடம்பு சொல்வதற்குள் ஏரிக்கரையில் நிற்பீர்கள். வண்டி நிற்கும் இடத்தை அங்கிருந்து அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் கிரேட்டர் லேக்கில், தண்ணீர்வரை இறங்க 2025 வரை அனுமதியிருந்த பாதை கிளீட்வுட் கோவ் ஒன்றுதான். நீளம் 1.8 கிலோமீட்டர், இறக்கம் சுமார் 210 மீட்டர். காகிதத்தில் பார்த்தால் ஒரு காலைநடை. மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: திரும்பும்போது 70 மாடி, அதுவும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில்.

கிலோட்டோவா இன்னும் மோசம். பள்ளத்தின் குறுக்களவு சுமார் 3 கிலோமீட்டர், விளிம்பின் உச்சி 3,914 மீட்டர். அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் கிட்டத்தட்ட ஐந்தில் மூன்று பங்குதான். பாதையோ மணலும் பொடியும். இறங்கும்போது அந்த மணல் சுகம், குதிகாலை ஊன்றினால் அதுவே சறுக்கிக்கொண்டு போய் விடும். ஏறும்போது ஓரடி வைத்தால் அரையடி பின்னால் வரும்.

அன்று நாங்கள் மூன்று பேர். முக்கால் மணி நேரத்தில் கரைக்கு வந்துவிட்டோம். அந்தத் திமிரில் கயாக் என்ற சின்னப் படகை எடுத்து ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டோம். கொண்டுபோன ரொட்டியைத் தின்று தீர்த்தோம், தண்ணீரையும் காலி செய்தோம். பாதை தொடங்கும் இடத்தில் ஒருவர் கோவேறு கழுதையோடு நின்றிருந்தார். ஏறிக்கொள்கிறீர்களா என்று கையால் கேட்டார். நடந்தே போகிறோம் என்று நானும் கையால் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு திருப்பத்தில் நாங்கள் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றபோது, வேறொருவரை ஏற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். கழுதை கிளப்பிய புழுதி எங்கள் வாயில். திரும்பி வரும்போது மறுபடி நின்று கேட்டார். மானப் பிரச்சினை ஆகிவிட்டதே, மறுபடியும் வேண்டாம் என்றேன். பாதி வழியில் நண்பனுக்குத் தலைவலி பிடித்து, தின்ற ரொட்டியெல்லாம் வெளியே வந்தது. அப்போது கழுதைக்காரரைத் தேடினேன். கடைசிச் சவாரியை முடித்து அவர் வீட்டுக்குப் போயிருந்தார்.

45 நிமிடத்தில் இறங்கிய பாதையை ஏற இரண்டே முக்கால் மணி நேரம். பேருந்து போய்விட்டது. அதனால் மறுநாள் காலை விமானமும் போய்விட்டது. மூன்று பேருக்கும் புது டிக்கெட் எடுத்தோம். வழி நடத்தினவன் நான் என்பதால் பெரும்பங்கு என் தலையில். நண்பன் இன்றும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதுதான் உறுத்துகிறது.

இப்போதெல்லாம் இறங்கத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நின்று, வந்த வழியே ஐந்து நிமிடம் திரும்ப ஏறிப் பார்ப்பேன். கூட வருகிறவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அன்றைக்கு ஏரியை மேலேயிருந்து பார்த்தால் போதும். தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்றத்துக்கு. நேரக்கணக்கில், இறங்கியதைப்போல மூன்று மடங்கு. அப்புறம், பள்ளத்துக்குள் பொழுது சீக்கிரம் சாயும். மேலே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கீழே மேற்கு விளிம்பின் நிழல் கரையைத் தொட்டுவிடும், உடனே குளிரும். நிழல் வரும்வரை அங்கே உட்கார்ந்திருந்தால் தாமதம் என்று அர்த்தம்.

கந்தகப் புகைக்கு ஈரக் கைக்குட்டை போதும் என்று நினைப்பது

கிழக்கு ஜாவாவின் இஜென் ஏரியில் நீலத் தீயைப் பார்க்க இருட்டிலேயே இறங்குவார்கள். நீலமாக எரிவது எரிமலைக் குழம்பு என்று பலர் நினைக்கிறார்கள். பிளவுகளிலிருந்து பீறிடும் சூடான கந்தக வாயு காற்றுபட்டுத் தீப்பிடிப்பதுதான் அது. எரிந்தால் வருவது சல்ஃபர் டை ஆக்சைடு என்ற நச்சு வாயு. ஈரக் கைக்குட்டையோ, தூசியைத் தடுக்கும் சாதாரண முகக்கவசமோ அதற்குப் போதாது. வாயுவை உறிஞ்சும் வடிகட்டி வைத்த கவசம் வேண்டும். ஆஸ்துமா இருப்பவர்கள் விளிம்போடு நின்றுகொள்ளுங்கள். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுங்கள்.

இன்னொன்று. அதே புகைக்குள்தான் சுரங்கத் தொழிலாளர்கள் 70, 80 கிலோ கந்தகத்தை இரண்டு கூடைகளில் தோளில் சுமந்து ஏறுகிறார்கள். பாதையின் நடுவில் நின்று செல்பி எடுத்தால் அவர் அந்தப் பாரத்தோடு நிற்க வேண்டியிருக்கும். ஓரமாக ஒதுங்குங்கள்.

வாடை இல்லையென்றால் ஆபத்தில்லை என்று நினைப்பது

கார்பன் டை ஆக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. கேமரூனின் நியோஸ் ஏரி, அடியில் கரைந்து கிடந்த அந்த வாயுவை 1986 ஆகஸ்ட் 21 இரவில் ஒரேயடியாகக் கக்கியதில் சுமார் 1,700 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். அப்படிப்பட்ட ஏரிகள் உலகத்தில் மிகச் சில. ஆனால் காற்றைவிடக் கனமான அந்த வாயு எரிமலைப் பகுதிகளின் குழிகளில் தேங்குவது உண்டு. காற்று படவில்லையே என்று தாழ்வான குழி பார்த்துக் கூடாரம் அடிக்காதீர்கள்.

தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பது

இஜென் நீரின் பிஹெச் (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று அர்த்தம்) 0.5க்கும் கீழே, பேட்டரி அமிலத்துக்குப் பக்கம். கிரேட்டர் லேக் நீரில் ஆட்கள் நீந்தியிருக்கிறார்கள். நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டுவிட்டுத் தண்ணீரில் கையை விடுங்கள்.

விளிம்புக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது

வேண்டாம்.

கல்லைத் தட்டிவிடுவது

கீழே ஆள் இருக்கிறார்.

மூடியிருக்கும் இடத்தில் வாதாடுவது

கோஸ்டாரிகாவின் போவாஸ் எரிமலை 2017 ஏப்ரலில் வெடித்த பிறகு பூங்காவை ஒரு வருஷத்துக்கும் மேலாக மூடி வைத்தார்கள். மறுபடி திறந்தபோது தலைக்கவசம் கட்டாயம், பள்ளத்தின் ஓரத்தில் 20 நிமிடம்தான் நிற்கலாம் என்று விதி வந்தது. சூடான ஏரிக்கு அடியில் நீராவி அழுத்தம் கூடி வெடிப்பதற்கு முன்னறிவிப்பு கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அதனால்தான் இந்தக் கெடுபிடி. இவ்வளவு தூரம் வந்தோமே, இன்னும் பத்து நிமிஷம் என்று காவலரிடம் கெஞ்சுகிறவர்களைப் பார்க்கும்போது அந்தக் காவலர் மேல்தான் எனக்குப் பரிதாபம். கிடைக்கும் 20 நிமிடத்திலும் சில நாள் 18 நிமிடம் மேகம்தான் தெரியும். மறுநாள் காலையில் திரும்ப வருவதற்கு ஒரு நாளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.