ஏஐ ஏஜென்ட்டுக்காக ஓர் அளவீட்டுக் கருவியை ஆவணப்படுத்துவது எப்படி?

கிளவுட் சர்வர்களின் அளவீடுகளை (சிபியு பயன்பாடு, மறுமொழி நேரம் போன்ற எண்களை) எடுத்துத் தரும் ஒரு கருவியை, கருவிகளைத் தானே அழைத்து வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட்டிடம் ஒப்படைக்கும்போது, அந்தக் கருவியைப் பற்றி அதற்குக் கிடைப்பவை முக்கியமாக மூன்று: கருவியின் பெயர், விளக்கக் குறிப்பு, எந்தெந்த உள்ளீடுகளை எந்த வடிவில் தர வேண்டும் என்று வரையறுக்கும் ஜேசான் ஸ்கீமா. ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலிலும் (ஏஐ மாடல்களை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறை) கருவிகள் இப்படித்தான் அறிவிக்கப்படுகின்றன. ஆவணத்தில் ஏதேனும் விட்டுப்போயிருந்தால், மனிதப் பொறியாளர் டாஷ்போர்டைத் திறந்து பார்ப்பார், அல்லது உடன் பணிபுரிபவரைக் கேட்பார். ஏஜென்ட் பெரும்பாலும் ஊகித்து நிரப்பும். ஊகம் தவறாக இருந்தாலும் விடை தெளிவான நடையில் வந்துவிடும். நள்ளிரவில் கோளாறைத் தேடிக்கொண்டிருப்பவர் அதை நம்பியும் விடுவார். இந்த ஆவணத்தைக் கவனமாக எழுத வேண்டியதற்குக் காரணம் அதுதான்.

விளக்கக் குறிப்பின் முதல் வரிகள், கருவி எதற்கு என்பதோடு எதற்கு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். "அளவீடுகளைப் பெறும்" என்ற வரியால் பயனில்லை. "ஒரு வளத்தின் எண் அளவீடுகளைக் கால வரிசையில் தரும், பிழைச் செய்தியின் வாசகம் வேண்டுமெனில் லாக் (நிகழ்வுப் பதிவு) தேடும் கருவியை அழைக்க, அளவீட்டின் சரியான பெயர் தெரியாவிடில் முதலில் பட்டியல் கருவியை அழைக்க" என்று எழுதினால், ஏஜென்ட் தொடக்கத்திலேயே வழி தவறாது.

அடுத்து உள்ளீடுகள். அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச்சை எடுத்துக்கொண்டால், நேம்ஸ்பேஸ் (அளவீடுகளின் தொகுப்புப் பெயர்), அளவீட்டின் பெயர், டைமென்ஷன் (எந்த சர்வர் என்பதுபோல அளவீட்டை அடையாளப்படுத்தும் பெயர்-மதிப்பு இணை), கால இடைவெளி, புள்ளியியல் வகை (சராசரி, கூட்டுத்தொகை போன்றவை) ஆகியவை முக்கியமானவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கமும், உண்மையில் இயங்கும் ஓர் எடுத்துக்காட்டும் கொடுங்கள். டைமென்ஷன்களின் ஒவ்வொரு சேர்க்கையும் அங்கே தனி அளவீடாகவே கொள்ளப்படுகிறது. ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ கேட்டால், கேட்டது வேறோர் அளவீடாகிவிடும் என்பதைத் தவறாமல் எழுதுங்கள். நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில், ஐஎஸ்ஓ 8601 என்ற தர வடிவில் வேண்டும் என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். இப்போது மணி என்ன என்பது ஏஜென்ட்டுக்குத் தெரியாமல் இருக்கலாம். "கடந்த 60 நிமிடம்" போன்ற உள்ளீட்டையும் கருவி ஏற்பது நல்லது.

கால இடைவெளியில் ஒரு கண்ணி இருக்கிறது. கிளவுட்வாட்ச் 1 நிமிடத் தரவை 15 நாட்களும், 5 நிமிடத் தரவை 63 நாட்களும், 1 மணி நேரத் தரவை 455 நாட்களும் வைத்திருக்கும். ஒரு மாதத்துக்கு முந்தைய சம்பவத்தை 1 நிமிட இடைவெளியில் கேட்பது வீண் என்பதை உள்ளீட்டின் விளக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அலகுகளையும் அளவீட்டின் பக்கத்திலேயே எழுதுங்கள். சர்வரை நாமே நிர்வகிக்காமல் நிரலை இயக்கும் அமேசான் சேவையான லாம்ப்டாவில், செயல்பாட்டின் கால அளவு மில்லிநொடியில் வருகிறது. கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சர் அளக்கும் மறுமொழி நேரமோ நொடியில் வருகிறது. 800, 0.8 என்ற இரண்டு எண்களை அலகில்லாமல் அருகருகே வைத்தால், ஒன்று மற்றதைவிட ஆயிரம் மடங்கு பெரியது என்று ஏஜென்ட் முடிவு செய்துவிடலாம். புள்ளியியல் வகையும் அப்படியே: கோரிக்கைகளின் எண்ணிக்கைக்குக் கூட்டுத்தொகைதான் பொருத்தம்; தாமதத்துக்குச் சராசரியை மட்டும் பார்த்தால் அவதிப்படும் சில பயனர்கள் மறைந்துவிடுவார்கள் என்பதால், 99ஆம் சதமானத்தையும் (நூற்றில் 99 கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிகின்றன என்பதையும்) கேட்கச் சொல்லுங்கள். தரவு புரோமீதியஸ் என்ற திறந்த மூலக் கண்காணிப்பு மென்பொருளிலிருந்து வருகிறதென்றால், எண்ணிக்கையைச் சேர்த்துக்கொண்டே வரும் கவுன்ட்டர் வகை அளவீடு (மறுதொடக்கத்தில் பூஜ்யமாவதைத் தவிர) ஏறிக்கொண்டே போகும் என்பதையும், அதன் மாறும் வேகத்தைக் கணக்கிட்ட பிறகே பொருள்கொள்ள வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள்.

இந்த ஆவணத்தின் உயிர்நாடி என்று நான் கருதுவது வேறொன்று: விடை வெறுமையாக வந்தால் அதற்கு என்ன பொருள்? கிளவுட்வாட்ச்சில் அளவீட்டின் பெயரையோ டைமென்ஷனையோ ஓர் எழுத்து மாற்றிக் கேட்டாலும் பிழைச் செய்தி வராது, தரவுப் புள்ளிகள் இல்லாத விடைதான் வரும். நிறுத்தப்பட்ட இசி2 (அமேசானின் வாடகை மெய்நிகர் கணினி) சர்வரின் சிபியு பயன்பாட்டைக் கேட்டாலும் அதுவேதான் வரும். லோட் பேலன்சரே உண்டாக்கும் 500 வரிசைப் பிழைகளின் (சர்வர் பக்கக் கோளாறைக் குறிக்கும் 500, 502, 503 போன்ற குறியீடுகளின்) எண்ணிக்கையோ பூஜ்யமாக இல்லாதபோதுதான் பதிவாகிறது. அங்கே வெறுமை என்பது பிழையே நேரவில்லை என்ற நல்ல செய்தியாக இருக்கலாம். மூன்றும் ஏஜென்ட்டுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆகவே இப்படி எழுதி வையுங்கள்: "விடை வெறுமையாக இருந்தால் எல்லாம் நலம் என்று முடிவு செய்யக் கூடாது, பெயரும் டைமென்ஷனும் உண்மையில் உள்ளனவா என்று பட்டியல் கருவியால் சரிபார்க்க, இருந்தால், இந்த அளவீடு பூஜ்யத்தைப் பதிவு செய்யும் வகையா என்று பார்க்க, அதுவும் தெளிவாகாவிடில், தரவு இல்லை என்றே பயனருக்குச் சொல்க." கிளவுட்வாட்ச்சின் பட்டியல் அழைப்பு கடந்த இரண்டு வாரங்களில் தரவு வந்த அளவீடுகளையே காட்டும் என்பதையும் சேர்த்து எழுதினால், பழைய சம்பவங்களை ஆராயும்போது இன்னொரு தவறான முடிவும் தடுக்கப்படும்.

விடையின் அளவைப் பற்றி ஒரு வரி போதும். ஒரு நாள் தரவை 1 நிமிட இடைவெளியில் எடுத்தால் 1,440 புள்ளிகள்; பத்து சர்வர்களுக்கு 14,400. எத்தனை புள்ளிகளுக்கு மேல் கருவி விடையைச் சுருக்கும், சுருக்கியதை எப்படித் தெரிவிக்கும் என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

எழுதி முடித்தபின், உங்கள் குழு உண்மையில் கேட்ட பழைய கேள்விகளில் இருபதை எடுத்து ஏஜென்ட்டிடம் கொடுங்கள். அது எழுதிய விடையை மட்டும் படிக்காமல், அது அனுப்பிய அழைப்புகளையும் எடுத்துப் பாருங்கள்: எந்த டைமென்ஷனைக் கேட்டது, எந்தக் கால இடைவெளியைத் தேர்ந்தது, வெறுமையைக் கண்டதும் என்ன செய்தது. ஒரே தவறு இரண்டு கேள்விகளில் வந்தால், திருத்த வேண்டிய வரி பெரும்பாலும் உங்கள் விளக்கக் குறிப்பில்தான் இருக்கும். அந்த வரியைத் திருத்தி, இருபது கேள்விகளையும் முதலிலிருந்து மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.