உலாவினால் காசு தரும் ஆப்: சேருமுன் போட வேண்டிய கணக்கு

சென்ற மாதம் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பினாள். "அண்ணா, இது ஒரு பிரவுசர். இதுல நெட் பார்த்தாலே ஒரு நாளைக்கு முந்நூறு ரூபா வருதாம். என் லிங்க்லயே சேருங்க." அந்த 'வருதாம்'தான் இடித்தது. பணம் அவள் கைக்கு இன்னும் வரவில்லை. குரூப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கே போய் இருவரும் ஒரு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தோம். அன்று பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். கடைசிப் படிக்கு மட்டும் ஒரு வாரம் ஆகும். மற்றவை ஒரு மணி நேர வேலைதான்.

படி 1: பணம் யார் பையிலிருந்து வருகிறது?

நோட்டின் முதல் வரியில் இதற்குப் பதில் எழுதுங்கள். "கம்பெனி தருது" என்பது பதில் இல்லை. கம்பெனிக்கு யார் தருகிறார்கள்?

விளம்பரதாரர் தரலாம். பிரேவ் பிரவுசர் அப்படித்தான்: நீங்கள் சம்மதித்தால் விளம்பரம் காட்டி, அதில் வரும் வருமானத்தில் 70 சதவீதத்தைப் பேட் (BAT) என்ற கிரிப்டோ டோக்கனாக, அதாவது ஒருவகை டிஜிட்டல் நாணயமாகப் பயனருக்குத் தருவதாகச் சொல்கிறது. தன் பொருளுக்கு ஆள் பிடிக்க ஒரு நிறுவனமே தரலாம். மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸில் பிங்கில் தேடினால் புள்ளி சேரும், அதைப் பரிசுக் கூப்பனாக மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள், எதை வாங்குகிறீர்கள் என்ற விவரத்தை விலைக்கு வாங்குபவர் தரலாம். இன்னொரு வகை, 'பயன்படாத இன்டர்நெட்டைப் பகிருங்கள்' என்று வரும். அதில் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் இணைப்பு வழியாக வெளியே போகிறார். அவர் ஏதாவது வம்பு செய்தால் முதலில் தெரிவது உங்கள் வீட்டு ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்.

இவை எதுவும் இல்லையென்றால், உங்களுக்குப் பின்னால் சேருபவர் பணம்தான் உங்களுக்கு வருகிறது.

படி 2: ஒரு விளம்பரத்தின் விலையைப் போட்டுப் பாருங்கள்

இணையத்தில் பல விளம்பரங்களை ஆயிரம் முறை காட்ட இவ்வளவு என்றுதான் விற்கிறார்கள். ஆயிரத்துக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்குப் பத்து பைசா. அதில் ஆப் நடத்துபவரின் பங்கும் போக வேண்டும். சித்தி மகளின் ஆப்பில் ஒவ்வொரு பக்கமும் திறக்குமுன் 30 விநாடி விளம்பரம் ஓடும். இலவசக் கணக்குக்கு ஒரு விளம்பரத்துக்குப் பத்து பைசா. நம்பலாம் போல இருந்தது. ஆனால் 'கோல்டு பிளான்' என்று ஒன்று இருந்தது. 4,999 ரூபாய் கட்டினால் அதே விளம்பரத்துக்கு ஐந்து ரூபாய், நாளுக்கு 60 விளம்பரம். முந்நூறு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. பத்து பைசாப் பொருளுக்கு எந்த விளம்பரதாரர் ஐந்து ரூபாய் கொடுப்பார்?

உண்மையாக நடத்தப் பார்த்தவர்களுக்கே இந்தக் கணக்கு உதைத்திருக்கிறது. 1999இல் அமெரிக்காவில் ஆல்அட்வான்டேஜ் என்ற நிறுவனம் வந்தது. திரையில் ஒரு விளம்பரப் பட்டையை ஓடவிட்டுக்கொண்டு உலாவினால் மணிக்கு 50 சென்ட். சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. முதலீட்டாளர்கள் கோடி கோடியாகக் கொட்டினார்கள். சிலர் மவுஸ் தானே நகர்வதுபோலக் காட்டும் மென்பொருளைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள். விளம்பர வருமானம் உறுப்பினர்களுக்குக் கொடுத்ததை எட்டவே இல்லை. 2001இல் மூடிவிட்டார்கள்.

படி 3: கட்டணம் கேட்டால், கட்டும் தொகையை மாற்றிப் பாருங்கள்

பணம் கட்டச் சொன்னாலே நான் எழுந்துவிடுவேன். ஆனால் 'முதலீடு இல்லாத தொழில் உண்டா?' என்று கேட்பவர்களிடம் பேச ஒரு சோதனை வைத்திருக்கிறேன்.

12டெய்லிபுரோ என்று அமெரிக்காவில் ஒன்று இருந்தது. ஒரு யூனிட் 6 டாலர். தினமும் 12 இணையப் பக்கம் பார்த்தால் 12 நாளுக்கு நாள்தோறும் 12 சதவீதம், அதாவது மொத்தம் 144 சதவீதம் திரும்ப வரும். ஒரு யூனிட் போட்டவர் 144 பக்கம் பார்த்து 8.64 டாலர் வாங்குவார். ஆயிரம் யூனிட் வரை போடலாம். 6,000 டாலர் போட்டவரும் அதே 144 பக்கம்தான் பார்ப்பார், ஆனால் 8,640 டாலர் வாங்குவார். வேலை ஒன்று, கூலி ஆயிரம் மடங்கு. அப்படியானால் கூலி பார்ப்பதற்கு இல்லை, போட்ட பணத்துக்கு. 2006இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசி வழக்குப் போட்டபோது, அங்கே வந்த பணத்தில் குறைந்தது 95 சதவீதம் உறுப்பினர்கள் கட்டியதே என்றது. மூன்று லட்சம் பேருக்கு மேல் சேர்ந்து, 5 கோடி டாலருக்கு மேல் கட்டியிருந்தார்கள்.

நம் நாட்டில் 2017இல் நொய்டாவில் பிடிபட்ட சோஷியல் டிரேடும் இதே ஜாதிதான். 5,750 முதல் 57,500 ரூபாய் வரை கட்டினால், கிளிக் செய்ய கிளிக்குக்கு ஐந்து ரூபாய். சுமார் 3,700 கோடி ரூபாய் மோசடி என்று காவல்துறை சொன்னது.

உங்கள் ஆப்பிலும் கேளுங்கள்: இரு மடங்கு கட்டினால், அதே விளம்பரத்துக்கு எனக்கு அதிகம் கிடைக்குமா? ஆம் என்றால் நோட்டை மூடிவிடலாம்.

படி 4: 'எனக்கு வந்துச்சே' என்பதை எடை போடுவது

இதுதான் கஷ்டமான படி, ஏனென்றால் சொல்பவர் பெரும்பாலும் நமக்கு வேண்டியவர். பொய்யும் சொல்லவில்லை. முதல் சில மாதங்கள் பணம் ஒழுங்காக வரத்தான் செய்யும். வராவிட்டால் அடுத்த ஆள் எப்படிச் சேருவார்? கோவையில் விளம்பரம் பார்த்தால் பணம் தருவதாகச் சொன்ன மைவி3 ஆட்ஸ் மீது 2024 ஜனவரியில் காவல்துறை வழக்குப் பதிந்தபோது, அதன் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் நீலம்பூரில் திரண்டு நிறுவனத்துக்கு ஆதரவாக நின்றார்கள். எங்களுக்குப் பணம் வருகிறதே என்பதுதான் அவர்கள் வாதம். வழக்கின் முடிவை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது இதுதான்: பணம் வருகிறது என்பது, அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பதில் ஆகாது.

ஜிஎஸ்டி எண், கம்பெனிப் பதிவுச் சான்றிதழ் எல்லாம் காட்டுவார்கள். பதிவு இருந்தால் மக்களிடம் டெபாசிட் வாங்கலாம் என்று அர்த்தமில்லை. அந்த அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் தேடிப் பாருங்கள்.

ஆள் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பணச் சுழற்சித் திட்டங்களை, அதாவது ஆள் சேர்த்தால் பணம் என்று நடத்துபவற்றைத் தடை செய்யும் 1978ஆம் ஆண்டுச் சட்டம், நடத்துபவரை மட்டும் சொல்லவில்லை, ஆள் சேர்ப்பதையும் தடுக்கிறது. இதைச் சொன்னதும் சித்தி மகள் குரூப்பில் போட்ட லிங்க்கை அழித்தாள்.

படி 5: பணம் எடுக்கும் விதிகளைப் படியுங்கள்

விதிமுறைப் பக்கத்தில் எடுக்கக்கூடிய குறைந்தபட்சத் தொகை, பிடித்தம், காலாவதி இந்த மூன்றையும் தேடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தளத்தில் சேர்ந்திருந்தேன். பத்து டாலர் சேர்ந்தால் எடுக்கலாம். ஒன்பதைத் தாண்டும்வரை மளமளவென்று ஏறியது. 9.40க்கு வந்ததும் நாளுக்கு ஒன்றிரண்டு விளம்பரம்தான் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. அந்தத் தளமே இப்போது இல்லை.

'பணத்தை விடுவிக்க முதலில் வரி கட்டுங்கள்' என்று எந்த இடத்தில் கேட்டாலும் அது திருட்டு. உண்மையான இடம் பிடித்தம் செய்துகொண்டு மீதியைத் தரும்.

படி 6: அனுமதிகள்

பிளே ஸ்டோரில் இல்லாமல், நேரடியாகப் போனில் நிறுவும் ஏபிகே கோப்பாகத் தந்தால் வேண்டாம். பிரவுசரோடு சேர்க்கும் துணை நிரலான எக்ஸ்டென்ஷன் என்றால், எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தகவலைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கிறதா பாருங்கள். அதில் உங்கள் நெட்பேங்கிங் பக்கமும் அடக்கம். மொபைலில் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கேட்டால் ஓடிபியைக் கேட்கிறது என்றே பொருள். தாண்டி வந்துவிட்டாலும், வங்கிக்குக் கொடுத்த இமெயிலைத் தராமல் இதற்கென்று புதிதாக ஒன்று தொடங்குங்கள்.

படி 7: ஒரு வாரம் கடிகாரம் வைத்துப் பாருங்கள்

இதுவரை தேறிய ஆப் என்றால் மட்டும் இது. எங்கள் ஆப் தேறவில்லை, ஆனாலும் சித்தி மகள் விடுவதாக இல்லை. இலவசக் கணக்கில் மட்டும், பழைய போனில், ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு வாரத்தில் மொத்தம் 6 மணி 40 நிமிடம் விளம்பரம் ஓடியது. 30 விநாடிக்கு ஒன்று என்றால் 800 விளம்பரம், 80 ரூபாய் வந்திருக்க வேண்டும். வந்தது 74. நடுவில் நெட் விட்டுப்போனவை கணக்கில் ஏறவில்லை. மணிக்குப் பதினோரு ரூபாய். எடுக்க வேண்டிய குறைந்தபட்சம் 500. அதை எட்ட 45 மணி நேரம். அதற்குள் டேட்டா பேக் எத்தனை முறை போட வேண்டும் என்று அவளே கணக்குப் போட்டாள்.

விலகும்போது ஆப்பை நீக்கினால் மட்டும் போதாது. முதலில் உள்ளே போய்க் கணக்கை அழியுங்கள், கொடுத்த அனுமதிகளை எடுங்கள், பிறகு நீக்குங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள், எடுக்க முடியவில்லை என்றால் அவர்களோடு சண்டை போட்டு நேரத்தை விடாதீர்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள், சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதியுங்கள். அழைக்கும்போது பணம் அனுப்பிய தேதி, நேரம், யுபிஐ பரிவர்த்தனை எண், பெற்றவரின் ஐடி கையில் இருக்கட்டும். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறுமுன் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் குரூப்பைக் கலைத்துவிட்டுப் பழைய செய்திகளையும் அழித்தால் காட்ட எதுவும் இருக்காது.